துருக்கி மொழியில் பெயரும் உருபும்

தமிழகத்து முஸ்லிம் மகளிரின் பெயர்களுள் 'பேகம்' என்று முடிவன பல. இச்சொல் அரபு மொழியிற் பிறந்ததன்று. பாரசீகத்திற் பிறந்ததும் அன்று. துருக்கி இன மொழிகளில் 'பெக்' என்பது தலைவனைக் குறிக்கும் சொல். 'என்னுடைய' என்னும் பொருள் தரும் 'இம்' என்னும் ஒட்டு அதன் ஈற்றிற் சேர, 'பெகிம்' என்றாயிற்று. உயர்குடி மகளிரை மதிப்புடன் அழைக்கும் சொல்லாய் நின்ற அது, முகலாயர் காலத்தில் இந்தியாவில் பரவிப் 'பேகம்' என வழங்கலாயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். 'கான்' என்னும் அரசப் பெயரோடு அவ்வொட்டே கூடிக் 'கானும்' என்றாயிற்று. இன்றும் துருக்கி நாட்டில் ஒரு பெண்ணை மதிப்புடன் விளிப்போர், அவள் பெயருக்குப் பின் 'ஹனும்' என்று சேர்த்தே அழைப்பர்.

'என்' என்னும் உரிமைப் பொருள் இச்சொற்களில் முன்னே நிற்கவில்லை. சொல்லின் வாலாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மொழியின் இயல்பே அதுதான். துருக்கி, அசர்பைஜானி, துருக்மேன், உஸ்பெக், கசாக், கிர்கிஸ், உய்கூர், தாத்தார், சைபீரியப் பனிவெளியில் வழங்கும் யாகூத் ஆகிய யாவும் ஒரு குடும்பத்து மொழிகள். இவற்றுள் துருக்கி நாட்டு மொழியை எடுத்துக்கொண்டு, அதன் பெயர்ச்சொல் எவ்வாறு உருபேற்கிறது என்பதைக் காண்போம்.

ஒலி பற்றி ஒரு சொல். துருக்கிச் சொற்களில் உயிர்கள் பெரும்பாலும் குறிலாகவே ஒலிக்கும். ஆதலின் கீழே வரும் சொற்களின் ஈற்றில் நிற்கும் எகரத்தை நீட்டாது ஒலித்தல் வேண்டும். தமிழ் எழுத்து முறைக்கு அது புதிதாய்த் தோன்றினும், சொல்லின் வடிவம் கெடாதிருக்க அது வேண்டும்.

'எவ்' என்பது வீடு. 'எவி' என்றால் வீட்டை. 'எவெ' என்றால் வீட்டிற்கு. 'எவ்தெ' என்றால் வீட்டில். 'எவ்தென்' என்றால் வீட்டிலிருந்து. 'எவின்' என்றால் வீட்டினது. உருபேலாத எழுவாயையும் கூட்ட, வேற்றுமை ஆறாகும். துருக்கி நாட்டுப் பள்ளி இலக்கணங்களிற் பல, 'எவின்' என்னும் கிழமைப் பொருளைத் தொடரிலக்கணத்திற் சேர்த்து, வேற்றுமையை ஐந்தாகவே எண்ணும். அவ்விலக்கணங்கள் வேற்றுமைகளுக்கு இடும் எளிய பெயர்கள் சுவையானவை. 'இ' நிலை, 'எ' நிலை, 'தெ' நிலை, 'தென்' நிலை என்று உருபையே பெயராக இட்டு வழங்குகின்றன. ஐ, ஒடு, கு, இன், அது, கண் என உருபுகளையே வேற்றுமைகளுக்குப் பெயராக்கிய தொல்காப்பியரின் முறையை அறிந்த தமிழ் மாணவனுக்கு இது வியப்பளிக்காது.

இவ்வைந்து உருபுகளுள் இரண்டு தனியே நோக்கத் தக்கவை. முதலாவது இரண்டாம் வேற்றுமை. 'கிதாப்' என்றால் நூல். அரபு மொழியிலிருந்து துருக்கிக்கு வந்த சொல். 'கிதாப் ஒகுதும்' என்று ஒருவன் கூறினால், ஏதோ ஒரு நூலைப் படித்தான், அல்லது படிக்கும் தொழிலில் இருந்தான் என்பது பொருள். 'கிதாபு ஒகுதும்' என்றால், முன்னரே அறிந்த அந்தக் குறிப்பிட்ட நூலைப் படித்தேன் என்பது பொருள். 'புத்தகம் படித்தேன்' என்பதற்கும் 'புத்தகத்தைப் படித்தேன்' என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாடும் ஏறத்தாழ இதுவே. இங்கே தமிழர் ஏமாறக் கூடிய இடம் ஒன்று உண்டு. தமிழில் 'கிதாபு' என்று உகரம் சேர்த்துக் கூறுவது வெறும் ஒலி எளிமைக்காக. துருக்கியிலோ அந்த ஈற்றொலியே உருபு. அதைத் தேவையின்றிச் சேர்த்தால், கேட்பவன் 'எந்த நூலை?' என்று தேடத் தொடங்குவான்.

மற்றொன்று நீங்கற்பொருள். இன்றைய துருக்கியில் 'தெ' என்பது இடத்தையும் 'தென்' என்பது நீங்குதலையும் உணர்த்துகின்றன. பழங்காலத்தில் நிலைமை வேறு. மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றங்கரையில், கி.பி. 732-லும் 735-லும் நிறுவப்பெற்ற இரு கல்வெட்டுகள் உள்ளன. கூல் தெகின் என்னும் இளவரசனுக்கும், அவன் தமையனும் பேரரசனுமாகிய பில்கே ககானுக்கும் எடுத்த நினைவுக் கற்கள் அவை. 1889-ஆம் ஆண்டில் இவை ஆராய்ச்சியுலகிற்குத் தெரியவந்தன. 1893-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் தோம்சன் அவற்றின் எழுத்தைப் படித்தறிந்தார். அக்கல்வெட்டு மொழியில், இடப்பொருளையும் நீங்கற்பொருளையும் ஒரே உருபு உணர்த்தியது. எது கருதப்பட்டது என்பதை வினைச்சொல்லே காட்டிற்று. தமிழிலும் 'இல்' என்பது ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் பொதுவாய் நிற்பதையும், ஐயம் நீங்க 'இருந்து', 'நின்று' என்பன பின்னர்ச் சேர்ந்ததையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மொழியில் ஈருருபாய்ப் பிரிந்த பொருள், மற்றொன்றில் துணைச்சொல்லால் தெளிவு பெற்றது.

இனி, துருக்கி உருபுகளின் உயிரொலி ஓரிடத்தும் நிலையாய் நிற்பதில்லை. 'யொல்' என்றால் வழி. வழியில் என்பதற்கு 'யொல்தெ' என்று கூறுதல் பிழை. 'யொல்த' என்றே கூறவேண்டும். வழியிலிருந்து என்பது 'யொல்தன்'. வழிக்கு என்பது 'யொல'. வழியினது என்பது 'யொலுன்'. எகரமும் இகரமும் நாவின் முற்பகுதியிற் பிறப்பன. அகரமும் ஒகரமும் உகரமும் அதன் பிற்பகுதியிற் பிறப்பன. சொல்லின் இறுதி உயிர் எவ்வினத்ததோ, அவ்வினத்து உயிரையே உருபும் ஏற்கும். இதனை உயிரொத்திசைவு என்பர். துருக்கியில் உயிர்கள் எட்டு. அவற்றுள் இரண்டு, இதழைக் குவித்துக்கொண்டு எகரத்தையும் இகரத்தையும் ஒலித்தாற் பிறப்பவை. தமிழில் அவற்றிற்கு எழுத்தில்லை. மற்றொன்று, இதழ் குவியாமல் ஒலிக்கும் உகரம். இது தமிழர்க்கு அயலானதன்று. 'காடு' என்பதன் ஈற்றில் வரும் குற்றியலுகரத்தின் ஒலியை ஏறத்தாழ ஒத்தது. மேலே கண்ட 'கிதாபு' என்பதன் ஈற்றில் நிற்பதும் அவ்வொலியே.

உயிரீற்றுச் சொல்லின் முன் உயிர் தொடங்கும் உருபு வந்தால் என் செய்வது? தமிழைப் போலவே துருக்கியும் இடையில் ஓர் உடம்படுமெய்யை வருவிக்கும். 'அரபா' என்பது வண்டி. வண்டிக்கு என்பது 'அரபயா'. அங்காரா நகருக்கு என்பது 'அங்காராயா'. இரண்டிடத்தும் வந்தது யகரம். ஆயினும் துருக்கியின் உடம்படுமெய் யகரத்தோடு நிற்பதில்லை. கிழமைப் பொருளில் வருவது னகரம். 'அலினின்' என்றால் அலியினது. இவற்றின் வேறாகச் சகரம் வரும் இடமும் ஒன்று உண்டு. அதுவே இம்மொழியின் தனிச்சிறப்பான பகுதிக்கு வாயிலாகிறது.

தமிழில் உடைமையைக் கூறுங்கால், உடையவனைக் குறிக்கும் சொல்லே உருபேற்கும். உடைமைப் பொருள் மாறாது நிற்கும். என் வீடு, உன் வீடு, அவன் வீடு என எங்கும் 'வீடு' வீடாகவே உள்ளது. துருக்கியில் வீடே தன் உடையவனைத் தாங்கி நிற்கும். 'எவிம்' என் வீடு. 'எவின்' உன் வீடு. 'எவி' அவன் வீடு. பன்மையில் 'எவிமிஸ்' எங்கள் வீடு. 'எவினிஸ்' உங்கள் வீடு. 'எவ்லெரி' அவர்கள் வீடு. 'அவன்', 'அவள்', 'அது' என்னும் பாகுபாடு துருக்கியில் இல்லை. மூன்றிற்கும் 'ஒ' என்னும் ஒரே சொல்லே உண்டு. ஆதலின் 'எவி' என்பது அவள் வீடாகவும் இருக்கலாம்.

தாயைக் குறிக்கும் சொல் 'அன்னெ'. 'அன்னெம்' என் தாய். 'அன்னென்' உன் தாய். 'அன்னெசி' அவன் தாய். சகரம் வரும் என்று மேலே குறித்தது இங்கேதான். பழந்தமிழில் யாய், ஞாய், தாய் என மூன்று சொற்கள் முறையே என் தாய், உன் தாய், அவன் தாய் என்னும் பொருளில் வழங்கின. எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் அத்தகையனவே. தமிழில் அவ்வுரிமைக் குறி உறவுப் பெயர் சிலவற்றின் தலையில் மட்டும் நின்று, நாளடைவில் மங்கி, இன்று 'என் தாய்', 'என் தந்தை' என்று கூறும் அளவிற்குப் பொருளிழந்துவிட்டது. துருக்கியிலோ அது சொல்லின் இறுதியில் நின்று, உறவுப் பெயர், ஊர்ப் பெயர், மரம், கல், எண்ணம் ஆகிய எல்லாப் பெயர்க்கும் உரியதாய் இன்றும் உயிரோடு விளங்குகிறது.

'அன்னெ' என்பதைக் கேட்டதும் 'அன்னை' நினைவிற்கு வருதல் இயல்பு. அத்தகைய ஒற்றுமைகள் அறிஞர் பலரை ஈர்த்ததுண்டு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், திராவிட மொழிகள் 'சித்திய' இனத்தைச் சார்ந்தவை எனக் கருதினார். துருக்கி, பின்னிஷ் முதலிய மொழிகளை அவ்வினத்துள் அடக்குவது அக்கால வழக்கு. சொல்லின் பின் உருபு அடுக்கி வருதலும், முன்னொட்டு இன்மையும், வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்றலும் துருக்கிக்கும் தமிழுக்கும் பொதுவாய் உள்ளமை உண்மையே. ஆயினும் இக்கால மொழியியலார் பெரும்பாலும் அவ்வுறவை ஏற்பதில்லை. கட்டுமானம் ஒத்திருப்பது வேறு, குருதி உறவு வேறு. குழந்தையின் வாயில் எளிதில் எழும் ஒலிகளால் ஆன தாய் தந்தை பெயர்கள், தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்து நிற்றல் உண்டு. ஒரு சொல்லின் ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு உறவு கொண்டாடுவது தமிழாராய்ச்சியில் அவ்வப்போது தலைகாட்டும் குறை.

வீடு தன் உடையவனை ஏற்றபின் வேற்றுமையையும் ஏற்கலாம். அப்பொழுது வரிசை மாறலாகாது. முதலிற் பெயர், அடுத்துப் பன்மை, அதன்பின் உடைமை, இறுதியில் வேற்றுமை. 'எவ்-லெர்-இமிஸ்-தெ' என்பது எங்கள் வீடுகளில் என்றாகும். இவ்வரிசை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இரு சொற்கள் போதும். 'எவிம்தெ' என்றால் என் வீட்டில். 'எவ்தெயிம்' என்றால் நான் வீட்டில் இருக்கிறேன். முன்னதில் 'இம்' வீட்டை ஒட்டி நின்று உடைமை காட்டுகிறது. பின்னதில் உருபின் பின் நின்று தன்மை வினைமுற்றாகிறது. 'இல்லத்தேன்' என்று பழந்தமிழர் கூறிய குறிப்பு வினைமுற்றும் இத்தகைய கட்டுமானம் உடையது. வீட்டு வாயிலில் நின்று ஒருவனை அழைத்தவர்க்கு, உள்ளிருப்பவன் 'எவிம்தெ' என விடையிறுப்பானாயின், 'எது உன் வீட்டில் உள்ளது?' என்று அவர்கள் கேட்பர்.

படர்க்கை உடைமை ஒட்டின் பின் வேற்றுமை உருபு வருங்கால், இடையில் னகரம் ஒன்று புகும். 'எவி' என்பதோடு 'தெ' சேர்ந்து 'எவின்தெ' ஆகும். அவன் வீட்டில் என்பது பொருள். தமிழில் 'மரம்' என்பது 'ஐ' ஏற்கும்போது அத்துச் சாரியை பெறுதல் போன்றது இது எனலாம். சாரியைக்குப் பொருளில்லை என்பர் இலக்கணத்தார். துருக்கியின் இந்த னகரத்திற்கும் பொருளில்லை. ஆனால் அது விளைக்கும் குழப்பத்திற்குப் பொருளுண்டு. உன் வீடு 'எவின்' ஆதலின், உன் வீட்டில் என்பதும் 'எவின்தெ' என்றே வரும். உன் வீட்டை என்பது 'எவினி'; அவன் வீட்டை என்பதும் 'எவினி'.

'சத்து' என்றால் விற்றான். 'அலி எவினி சத்து' என்று ஒரு கடிதத்தில் வரி ஒன்று வந்தால், அலி யார் வீட்டை விற்றான்? தன் வீட்டையா? வேறொருவன் வீட்டையா? கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பவன் வீட்டையேயா? பெரும்பாலும் தன் வீட்டை என்றே கொள்வர். ஆயினும் சொல்லளவில் மூன்றிற்கும் இடமுண்டு. உரிமை பற்றிய செய்தியில் ஐயம் நிற்றலாகாது என்று கருதுவோர், 'கெந்தி எவினி' என்றோ 'ஒனுன் எவினி' என்றோ 'செனின் எவினி' என்றோ விரித்தெழுதுவர். அவை முறையே தன் வீட்டை, அவனது வீட்டை, உனது வீட்டை எனப் பொருள்படும். தமிழில் 'தன்' என்றும் 'அவன்' என்றும் வேறுபடுத்தும் பழக்கம் இத்தகைய ஐயத்தைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறது. உயிரீற்றுச் சொல்லாயின் துருக்கியிலும் இக்குழப்பம் இல்லை; 'அரபனு' உன் வண்டியை, 'அரபசுனு' அவன் வண்டியை. அலி வண்டியை விற்றிருந்தால், கடிதம் பெற்றவனுக்குக் கவலை குறைவு. 'எவ்லெரி' என்பதோ இன்னும் பெரிய புதிர்: அவர்கள் வீடு, அவர்கள் வீடுகள், அவன் வீடுகள், வீடுகளை என நான்கு பொருளும் அதற்கு உண்டு.

உடையவனும் பெயரோடு தோன்றினால் இருவரும் குறி தாங்குவர். 'அலினின் எவி' என்பதை எழுத்தெண்ணிப் பெயர்த்தால் 'அலியினது, அவன் வீடு' என்றாகும். ஒரு பத்திரத்தில் இருவரும் கையொப்பம் இடுவது போன்ற முறை இது. முன்னதன் குறியை நீக்கிவிட்டால் பொருள் மாறும். 'ஒகுல்' என்றால் பள்ளி. 'ஒகுலுன் கிதாபு' என்பது அந்தப் பள்ளிக்கு உரிய நூல். 'ஒகுல் கிதாபு' என்பது பள்ளிப் பாடநூல் என்னும் வகை. முன்னது உடைமை, பின்னது இனம்.

இஸ்தான்புல் நகரின் படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு இப்பின்னதன் ஆட்சி கண்கூடு. 'ஜத்தெ' என்பது பெருந்தெரு. ஆனால் அந்நகரின் புகழ்பெற்ற கடைத்தெரு 'இஸ்திக்லால் ஜத்தெசி'; விடுதலைத் தெரு என்பது பொருள். 'சராய்' என்பது அரண்மனை. ஆயினும் சுல்தான்களின் பழைய மாளிகை 'தொப்கப்பு சராயு'. 'தெனிஸ்' என்பது கடல். நகரின் தெற்கே உள்ளது 'மர்மரா தெனிசி'. வடக்கே உள்ள கருங்கடல் மட்டும் 'கரா தெனிஸ்' என ஒட்டின்றி நிற்கும். 'கரா' என்பது கருமை. அது பண்பாதலின் கடலுக்கு உரிமையாளன் ஆகமாட்டாது. இலக்கணம் அறியாத படகோட்டியும் இவ்விரு கடல்களின் பெயரில் ஒருநாளும் தவறுவதில்லை.

இத்துணை நுட்பமும் ஓர் உயிரொலியில் அடங்கியிருக்க, அவ்வுயிரை எழுத்திற் காட்ட இயலாத நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. துருக்கியர் இசுலாத்தை ஏற்றபின் அரபு எழுத்தில் தம் மொழியை எழுதிவந்தனர். அரபு மெய்களால் வளமுடையது. உயிரைக் குறிக்கும் எழுத்துகளோ அதில் மூன்றே. துருக்கியின் எட்டுயிர்களை அவற்றில் அடக்குதல் அரிது. ஒகரமும் உகரமும், அவற்றின் இனமாய் முன்னாவிற் பிறக்கும் இரண்டும் ஆகிய நான்கையும் 'வாவ்' என்னும் ஒரே எழுத்துக் குறித்தது. ஆனான் என்னும் பொருளுடைய வினையும், இறந்தான் என்னும் பொருளுடைய வினையும் ஒரே எழுத்துக் கோவையால் எழுதப்பட்டன. ஒருவர் பெயருக்குப் பின் 'பாஷா' என்னும் பட்டமும் இவ்வினையும் வந்தால், அவர் பாஷாப் பட்டம் பெற்றார் என்பதா, அப்பாஷா மறைந்தார் என்பதா என்று படிப்பவர் தாமே துணிய வேண்டும். 'வீடு' என்னும் சொல்லும் 'அவன்' என்னும் சொல்லும் கூட எழுத்தில் ஒன்றே. 'எவின்' போன்ற உருபேற்ற சொற்களில் ஒட்டின் உயிர் எழுதப்படாமலே போவதுண்டு; இரண்டாம் வேற்றுமையின் நால்வகை உயிருக்கும் 'யே' என்னும் ஓரெழுத்தே நின்றது. மொழியை முன்னரே நன்கறிந்தவனே அதைப் படிக்க இயலும். 1927-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, துருக்கியில் எழுத்தறிந்தோர் பத்தில் ஒருவர் அளவினரே. வறுமையும் பள்ளிக் குறைவும் இடைவிடாத போரும் அதற்குக் காரணங்கள்; எழுத்தின் அருமையும் ஒரு காரணம்.

1928 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு, இஸ்தான்புல்லில் சராய்புர்னு பூங்காவில் நிகழ்ந்த விழாவொன்றில், குடியரசுத் தலைவர் முஸ்தபா கெமால் புதிய எழுத்தைப் பற்றி மக்களுக்கு அறிவித்தார். மாறுதலுக்கு ஐந்தாண்டேனும் வேண்டும் என்று எழுத்துக் குழுவினர் கருதினர் என்றும், மூன்று மாதங்களில் முடிய வேண்டும் என்று அவர் கூறினார் என்றும் சொல்வர். ஊர் ஊராய்ச் சென்று கரும்பலகை முன் நின்று அவரே எழுத்துகளை விளக்கினார். செப்டம்பர் 20-ஆம் நாள் கைசேரி நகரில் எடுத்த அத்தகைய நிழற்படம் ஒன்று அந்நாட்டினர் யாவரும் அறிந்தது. நவம்பர் 1-ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. 29 எழுத்துகள்; அவற்றுள் உயிர் எட்டு, ஒவ்வோர் ஒலிக்கும் ஒவ்வோர் எழுத்து. 1929-ஆம் ஆண்டின் முதல் நாளில் முதியோர்க்கான மக்கட் பள்ளிகள் நாடெங்கும் திறக்கப்பெற்றன.

இம்மாறுதலுக்கு விலை இல்லாமல் இல்லை. பழைய எழுத்தில் எழுதப்பட்ட நூல்களும், கடிதங்களும், கல்லறை வாசகங்களும் அடுத்த தலைமுறையினர்க்கு வாய் மூடிக்கொண்டன. பாட்டன் எழுதிவைத்த குறிப்பைப் பெயரன் படிக்க இயலாதவனானான். ஆனால், உருபின் உயிர் கண்ணுக்குப் புலப்படலாயிற்று. இலத்தீன் எழுத்தாகிய இகரத்தின் மேல் ஒரு புள்ளி உண்டு. துருக்கியர் அப்புள்ளியோடு கூடியதை இகரத்திற்கும், புள்ளியை நீக்கியதை இதழ் குவியாத உகரத்திற்கும் வைத்துக்கொண்டனர். வீட்டை என்னும் பொருளுடைய 'எவி' புள்ளியோடு முடியும். நூலை என்னும் பொருளுடைய 'கிதாபு' புள்ளியின்றி முடியும். மக்கட் பள்ளியின் பலகைகளில் அமர்ந்த உழவரும் நெசவாளரும் தம் வாயில் பிறந்த நாள் முதல் வழங்கிவந்த உருபுகளை, அந்தப் புள்ளி உள்ளதாகவும் இல்லாததாகவும், முதன்முறையாகக் கண்ணாற் கண்டனர்.